காத்து இருக்கிற வீடு

என் வீட்டுக்காரர் அந்த ஆர்க்கிடெக்டை 'உன் ஆளு' என்றுதான் சொல்லுவார். "உன் ஆளு இன்னாமே, சுவத்துல ஓட்ட ஓட்டயா உட்டு வச்சிகீறான்? செங்கல்லு பத்தலயா அவனுக்கு?" என்று வண்டியை நிறுத்தும்போதே ஆரம்பிப்பார். அந்த ஆளை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. வயதானவர், அதிகம் பேசாதவர், பெரிய பெரிய கட்டடமெல்லாம் கட்டாதவர் என்று கேள்வி. செங்கல்பட்டு ஜில்லாவில் அவர் கட்டியவற்றைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனையையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். இப்போது அந்த ஆளும் இல்லை, அவரைக் கிண்டல் செய்தவரும் இல்லை. ஒருவர் கட்டிய வீட்டில் நான் குடியிருக்கிறேன். இன்னொருவர் அங்கே தினமும் வந்துபோகிறார் என்று கொஞ்ச காலம் முழுசாக நம்பினேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கேளம்பாக்கத்தில். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில், கட்டடப் பிளான்களைப் பெரிய தாளில் எடுத்துத் தரும் மிஷின் என் பொறுப்பில் இருந்தது. ஓஎம்ஆர் பக்கம் எழும்பிய எத்தனையோ அடுக்குமாடிகள் தாளாக என் கை வழியே போயிருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சு. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஒரு பெட்டி. மரம் என்றால் பச்சையாக ஒரு வட்டம். ஒரே வட்டத்தைக் காப்பி அடித்து வரிசையாக ஒட்டியிருப்பார்கள். அந்த மரங்கள் தாளிலேயே செத்துப்போய்விடும், தரைக்கு வரவே வராது.

ஒருநாள் ஒரு பையன் கையால் வரைந்த பிளான் ஒன்றைக் கொண்டுவந்து நாலு காப்பி கேட்டான். விரித்துப் பார்த்தேன். பனை பனை மாதிரியே இருந்தது. வேம்பு ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது, சுவர் அதற்காக வளைந்து போனது. கடல் பக்கத்திலிருந்து நீல அம்புகள் உள்ளே நுழைந்து, தாழ்வாரத்தில் பிரிந்து, முற்றத்தைச் சுற்றி, கூரைக்குப் போய் வெளியேறின. ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில், தமிழில், 'காற்று' என்று எழுதியிருந்தது. சமையலறைக்குள் போகும் அம்புக்கும் 'காற்று'. பீரோ வைக்கும் மூலைக்குக்கூட ஒரு சின்னக் 'காற்று'. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இந்த மனுஷன் இவ்வளவு மெனக்கெட்டு வழிவிட்டிருக்கிறாரே என்று தோன்றியது. மிஷினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு அந்தப் பிளானை வரைந்த ஆர்க்கிடெக்ட் கட்டியதையெல்லாம் தேடிப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. வேடந்தாங்கல் பக்கம் அவர் கட்டிய பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. வகுப்பறை ஜன்னல்கள் முழங்கால் உயரத்தில் ஆரம்பிக்கும், தரையில் உட்காரும் பிள்ளைக்கும் ஏரி தெரிய வேண்டுமே. நடுவில் ஒரு புங்கமரம், அதைச் சுற்றி வராந்தா. கூரையில் விழும் மழை மொத்தமும் மரத்தடிக்குத்தான் போகும். மார்கழியில் பறவை வந்துவிட்டால் டீச்சர் குரல் எடுபடாதாம், அதனால் அந்த மாதத்தில் சாயங்காலப் பாடத்தையே மாற்றிவிட்டார்கள் என்று வாட்ச்மேன் அலுத்துக்கொண்டார். "நம்ம காலத்துல இந்த ஸ்கூலு இல்லாம பூட்ச்சே" என்று என் வீட்டுக்காரர் ஏங்கிப்போனார்.

மாமல்லபுரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. தரை தோண்டும்போது பாறை வந்திருக்கிறது. அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் பாறைதான். வேறு யாராவது என்றால் வெடி வைத்துத் தகர்த்திருப்பார்கள். அந்த ஆர்க்கிடெக்ட் பாறையை அப்படியே உள்ளே விட்டுவிட்டு மேலே கூரையைப் போட்டுவிட்டார். சாப்பிட்டு முடித்தவர்கள் வேர்த்த முதுகை அந்தப் பாறையில் சாய்த்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள். செங்கல்பட்டில் ஒரு பல் டாக்டர் கிளினிக். அதற்குள் சும்மா போய்ப் பார்க்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு ஒரு கடைவாய்ப் பல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம். எனக்காகப் போய்ப் பிடுங்கிக்கொண்டார். அவர் உள்ளே 'ஆ'வென்று கத்திக்கொண்டிருக்க, நான் வெளியே உட்கார்ந்து, அங்கே கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியில் கையை அளைந்துகொண்டு ஓட்டைச் செங்கல் வழியாக வரும் காற்றை அனுபவித்துக்கொண்டிருந்தேன். பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே வந்தவர், "உன் ஆளுக்கு ஒரு பல்லையே குட்த்துட்டேன். போதுமா?" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவருக்குத் தொழில் ஏசி மெக்கானிக். "இந்தாள மாதிரி நாலு பேரு கெளம்புனா என் பொழப்பு நாறிடும்மே" என்பார். சொல்லிவிட்டு அந்தச் சுவர்களில் கையை வைத்து வைத்துப் பார்ப்பார். எந்த ஓட்டை வழியாக எது போகிறது என்று என்னைவிட அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது கடப்பாக்கத்து வீடு. கடையில் நான் பிரிண்ட் எடுத்தேனே, அதே பிளான். அங்கே ஒரு பழைய கோட்டை இடிந்து கிடக்கிறது, அதற்குக் கொஞ்சம் இந்தப்பக்கம், மணல்மேட்டில், பனைகளுக்கு நடுவே நிற்கிறது. எப்போது போனாலும் பூட்டியே கிடக்கும். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தாழ்வான ஓட்டுக்கூரையும், முற்றத்து வேம்பின் தலையும், மேற்குச் சுவரின் உச்சியில் வரிசையாகப் பதித்த சுட்ட மண் குழாய்களும் தெரியும். பிளானில் நீல அம்புகள் கடைசியாக வெளியேறும் இடம் அந்தக் குழாய்கள்தான். நாங்கள் மணலில் குந்தி எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு, அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

அந்த ஆர்க்கிடெக்ட் செத்துப்போன செய்தி பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. யாரோ எவரோ, நான் கடையில் உட்கார்ந்து அழுதேன். அதற்கடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் போனார்.

அடுக்குமாடி ஒன்றில் ஒன்பதாவது மாடி. ஏசியின் வெளிப்பெட்டியைச் சுவருக்கு வெளியே அந்தரத்தில் மாட்டியிருந்தார்கள். ரிப்பேர் பார்க்கிறவன் எங்கே நிற்பான் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. எட்டிப் பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. அணிலுக்கும் குருவிக்கும் இடம் விட்டுக் கட்டிய ஒரு மனுஷன் இதே ஜில்லாவில்தான் இருந்தான். இவர்களுக்கு ஒரு ஆள் கால் வைக்க இடம் விட மனசு வரவில்லை. நாசமாய்ப் போகட்டும் அவர்கள் கட்டிய மாடியெல்லாம்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் கல்யாணமாகி வேலூரில் இருந்தாள். கேளம்பாக்கம் வாடகை வீட்டில் நான் தனியாகக் கிடந்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். நாலாபக்கமும் ஏசிப் பெட்டிகள் ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு உறுமலுக்கும் எனக்கு அந்த ஒன்பதாவது மாடிதான் நினைவுக்கு வரும். சோறு இறங்கவில்லை. ஒருநாள் பஸ் ஏறிக் கடப்பாக்கம் போய், அந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தேன். மீன்பிடிக்கிற குப்பத்தில் ஒரு ஆளைக் காட்டினார்கள். வலையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"வாடகைக்கா? அந்த வூடா?" என்று இழுத்தார். "வாணாம்மா. அந்த வூட்ல காத்து கீது."

"தெரியும் அண்ணாத்த. அதுக்காகத்தான் கேக்கறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெறையவே கீதும்மா. முன்ன வந்தவங்க ஒரு மாசங்கூட தாங்கல. பொட்டியக் கட்டிகினு ஓடிட்டாங்க."

"அவங்களுக்கு அதோட அருமை தெரியல."

"சாய்ங்காலமானா ஜாஸ்தியாயிடும்."

"கடலோரம்னா அப்டித்தான? எனக்கு அதான் வேணும்."

அவர் இரண்டடி பின்னால் போனார். "நீங்க இன்னா, அதுல கைதேர்ந்தவங்களாம்மா?"

"ரொம்ப வருஷமா எனக்கு அதே நெனப்புதான்" என்றேன். பொய்யில்லையே. சாவியைக் கையில் தராமல் மணலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பாவம், கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் அப்பன் வழி நிலத்தில் என் பங்குக்கு வரும் நெல்லும் குத்தகையும் ஒற்றை ஆளுக்குப் போதும். வேலையை விட்டுவிட்டுக் குடிவந்தேன். உள்ளே காலை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தாளில் பார்த்த அம்பெல்லாம் அங்கே உயிரோடு இருந்தது. கிழக்கே தரையோடு தரையாக இருந்த ஜன்னலைத் திறந்ததும் புடவைத் தலைப்பு தானாக எழும்பியது. முற்றத்தில் வேப்பம்பூ ஓரிடத்தில் நிற்காமல் உருண்டது. பீரோ மூலைக்குப் போய் நின்று பார்த்தேன். வந்தது, சின்னக் காற்று. "யோவ், வந்து பாருய்யா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் காப்பிக்குப் பால் வைத்திருந்தேன். கடல்காற்று ஏறியது. அப்போது மேலிருந்து 'ம்ம்ம்...' என்று ஒரு சத்தம், அடித்தொண்டையில், ஒரே சுதியில், நீளமாக.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து வந்தால் காலிங் பெல் அடிக்க மாட்டார். வாசலில் குந்தி ஷூவைக் கழற்றும்போது 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் முனகுவார். கம்ப்ரசர் பக்கத்திலேயே கிடந்து கிடந்து அது தொண்டையில் ஒட்டிக்கொண்டது என்பார். சமையல்கட்டில் இருக்கும் எனக்கு அந்தச் சத்தம்தான் அவர் வந்ததற்கு அடையாளம். இப்போதும் என் வாய் தானாக, "வந்துட்டியா?" என்றது. கை இரண்டாவது டம்ளரை எடுத்து வைத்தது. எடுத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. பயம் மட்டும் வரவில்லை. வரவில்லை என்பதை இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

எனக்குத் தெரியாதா? அந்தப் பிளானை என் கையால் எடுத்தவள் நான். கிழக்கே நுழையும் காற்று மேற்கே அந்த மண் குழாய்கள் வழியாக வெளியேறுகிறது, வேகம் கூடினால் குழாய் ஊதும். பாட்டிலின் வாயில் ஊதினால் பூம் என்று வருமே, அந்தக் கணக்குதான். தெரிந்தால் என்ன? தெரிந்தவளுக்குப் புருஷன் செத்தால் வலிக்காதா? தினமும் சாயங்காலம் இரண்டு டம்ளர் காப்பி போட்டேன். அவர் பங்கை நானே குடித்தேன்.

குடிவந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். மீன் விற்கிற அம்மா ஒருத்தி இடுப்பில் பேரக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். கையில் எலுமிச்சம்பழம். "கொழந்த ராவெல்லாம் வீல்வீல்னு கத்துதும்மா. காத்து பட்டுச்சி போல. நீங்க காத்து புடிக்கறவங்களாமே, கொஞ்சம் மந்திரிச்சு உடுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காத்து! எங்கள் ஊரில் சின்ன வயசிலிருந்து கேட்ட சொல்தானே. காத்து கருப்பு. பேய். சாவிக்கார அண்ணாத்த என்னைப் பார்த்து ஏன் பின்னால் போனார் என்பது விளங்கிவிட்டது. நான் பிளானில் படித்த காற்றைச் சொல்ல, அவர் பேயைச் சொல்ல, இரண்டு பேரும் என்ன அழகாகப் பேசி முடித்திருக்கிறோம்! விழுந்து விழுந்து சிரித்தேன். மீன்காரம்மா மிரண்டுபோனாள். எனக்கு மந்திரிக்கவெல்லாம் தெரியாது என்று சொல்லி, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். தகரக் கொட்டகை வெக்கையில் வெந்துபோன குழந்தை, முற்றத்தில் படுக்கப் போட்டதும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கியது. போச்சு. நான் கைராசிக்காரி என்று குப்பம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அவள் போனபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காற்று ஏறி, குழாய் முனக ஆரம்பித்திருந்தது. 'காத்து கீது' என்று அந்த அண்ணாத்த சொன்னது எந்த அர்த்தத்தில் பொய் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நான் சரியாக இல்லை. சாயங்காலத்தில் எங்கேயும் போவதில்லை. ஊரில் சித்தி மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை. காற்று விழுந்த நாளில் சத்தம் வராது, அன்றைக்கு முற்றத்துக்கும் வாசலுக்குமாக அலைவேன். புயல் மழையில் அது ஓலமிட்டால், "இன்னாத்துக்கு இப்படிக் கத்திகினு கீற? நான் இன்னா பண்ணேன்?" என்று சண்டைக்குப் போவேன். மகள் ஆபீஸ் முடிந்து போன் செய்வது அந்த நேரத்தில்தான், நான் எடுப்பதில்லை. அவர் போனை அணைத்து அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். எனக்கு எதற்கு அது? ஆளே வருகிறாரே. அவர் பழைய கிண்டலையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். 'உன் ஆளு' என்பார். அதையும் அந்தக் குழாயின் அடிக்குரலில்தான் சொல்லுவார். ஒருநாள் இருட்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தபோது, வாயைச் செய்துவைத்தது ஒரு செத்தவர், அதற்குள் மூச்சுவிடுவது இன்னொரு செத்தவர் என்று தோன்றியது. அன்றும் எழுந்து விளக்குப் போடவில்லை.

மகள் உண்டானாள். தலைப்பிரசவம். தாய் வீட்டில்தானே பார்க்க வேண்டும்? ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் இங்கே கூட்டிவந்துவிடுவது என்று நான் தொட்டிலுக்குத் துணிகூடப் பார்த்து வைத்துவிட்டேன். சம்பந்தியம்மாளிடமிருந்து போன் வந்தது. அவருக்கு இங்கே பக்கத்தில் செய்யூரில் சொந்தம் உண்டு, பேச்சு அந்த வழியாக வேலூர் போய்விட்டது.

"சம்பந்தி, நீங்க இருக்கற வூட்ல காத்து கீதாமே?"

இப்போது எனக்கு அர்த்தம் தெரியும். ஆனாலும் என் கெட்ட புத்தி சும்மா இருக்குமா? "காத்து இல்லாத வூட்ல மனுஷன் எப்படிங்க இருக்கறது?" என்று கேட்டுவைத்தேன். அவர் மெதுவாக, "புள்ளத்தாச்சிப் பொண்ண வச்சிகினு இப்படிப் பேசறீங்களே" என்றார். நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றார்.

கெட்டவரில்லை அந்த அம்மா. ஒரு மத்தியானம் வந்தார். முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, "ஏசி எங்க வச்சிகீறீங்க?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வேப்பங்காற்று பிள்ளைத்தாச்சிக்கு நல்லது என்று அவரே சொன்னார். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். சாப்பிட்டு ஒரு தூக்கம்கூடப் போட்டார். எழுந்து முகம் கழுவும்போது காற்று ஏறியது. 'ம்ம்ம்...'

அவர் கையிலிருந்த சொம்பு விழுந்தது. "யாரு அது?"

குழாய் என்று சொல்ல வேண்டியதுதானே நான்? என் வாய் சொல்லவில்லை. அதைக் குழாய் என்று சொல்வது என் வீட்டுக்காரரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. குனிந்து சொம்பை எடுத்து வைத்தேன். என் முகத்தைப் பார்த்து சம்பந்தியம்மாளுக்கு இன்னும் மிரட்சி. தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செருப்பை மாட்டினார். "அது எதுவா இருந்தாலும் அடைச்சுடுங்க சம்பந்தி. அடைச்சா அனுப்பறேன். இல்லன்னா வேலூர்லயே பெரிய ஆஸ்பத்திரி கீது, நானே பாத்துக்கறேன்."

அன்று ராத்திரி மகள் பேசினாள். "ம்மா, எனக்கு உன் கையால ரசம் சோறு துன்னணும். நைனாதான் இல்ல, நீயாச்சும் பக்கத்துல இரேன். நான் வர்றதுக்கு ஒரு ஓட்டைய அடைக்க மாட்டியா நீ? அந்த வூட்ட பாப்பியா, என்னைப் பாப்பியா?" என்று அழுதாள். ஒரு பக்கம் வயிற்றில் பிள்ளையோடு என் பிள்ளை. இன்னொரு பக்கம், தினமும் சாயங்காலம் ஷூவைக் கழற்றும் ஒருவர். அவரை எப்படி நான் அடைப்பேன்? பல நாள் ஏணியைச் சுவரில் சாய்ப்பேன், காற்று ஏறியதும் எடுத்துவிடுவேன்.

கடைசியில் ஒரு காலையில், காற்று கிளம்புவதற்கு முன்னால், ஏறினேன். திணிக்கத் துணி வேண்டும். வீட்டில் இருந்த பழந்துணி அவருடைய நீலநிற வேலைச் சட்டைகள்தான். ஒவ்வொன்றாகச் சுருட்டி ஒவ்வொரு குழாயிலும் அடைத்தேன். முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. மிச்சமிருந்த கடைசிக் குழாய் கொஞ்ச நேரம் தனியாக முனகியது. கண்ணை மூடிக்கொண்டு அதையும் அடைத்தேன். ஏணியிலேயே உட்கார்ந்து, அவர் போன அன்றைக்கு அழுத மாதிரி அழுதேன்.

வீடு செத்துப்போனது. வெளியேற வழி இல்லையென்றால் காற்று உள்ளே வருமா? கிழக்கு ஜன்னலை எவ்வளவு திறந்துவைத்தாலும் தலைப்பு அசையவில்லை. தாளித்த நெடி படுக்கையறையில் போய் உட்கார்ந்துகொண்டது. சுவரெல்லாம் வேர்த்தது. முற்றத்தில் வேப்பம்பூ விழுந்த இடத்திலேயே கிடந்து கருகியது. ஒரு ஃபேன் வாங்கி வைத்தேன், அது வெக்கையை இங்கிருந்து அங்கே தள்ளியது. என் ஆளு கட்டிய வீட்டைக் கேளம்பாக்கம் பிளாட்டாக நானே ஆக்கிவிட்டேன்.

வளைகாப்பில் நான் ஓரமாகத்தான் நின்றேன். தாலி இல்லாதவள் வளையல் போடக்கூடாதாம். மகள் என்னைத் தேடித் தேடிப் பார்த்தாள். சம்பந்தியம்மாளே அவளைக் கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. "இப்பதான் வூடு வூடா கீது" என்று திருப்தியாக ஊருக்குப் போனார்.

என் மகள் அந்தப் புழுக்கத்தில் பட்ட பாடு! கால் வீங்கி, நைட்டி நனைந்து, எங்கே படுத்தாலும் புரண்டுகொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் கத்தினாள். "இந்த வூட்டப் பத்தியா நீயும் நைனாவும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசிகினு கெடந்தீங்க? அவிஞ்சு போவுது! உங்க ஆர்க்கிடெக்டுக்கு அறிவே இல்ல."

அவரைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு, அந்த மனுஷனைச் சொல்லாதே என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குழாயை, முனகலை, இரண்டாவது டம்ளரை. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். எனக்குப் பைத்தியம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏணி எங்க?" என்றாள்.

"உங்க அத்தைக்குத் தெரிஞ்சா?"

"அடைச்சேதான் கீதுன்னு நான் சொல்லிக்கறேன். நீ ஏறு."

நான் ஏறி, சட்டைகளை உருவி உருவிக் கீழே போட்டேன். அவள் குனிய முடியாமல் குனிந்து ஒன்றை எடுத்து உதறினாள். "நைனா சட்டையா போட்டு அடைச்ச?" என்றாள். உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் குழாயிலிருந்து தூசு பறந்தது. அப்புறம் வேம்பு அசைந்தது. அவள் நெற்றி முடி பறந்தது. "அப்பாடா" என்று கண்ணை மூடினாள். கடல்காற்று ஏற ஏற நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் கழித்து வருவாரா? அடைத்தவள் மேல் கோபம் இருக்காதா? வந்தது. அதே சுதி, அதே அடித்தொண்டை. 'ம்ம்ம்...'

"கேட்டியா?" என்று அவள் கையைப் பிடித்தேன். "உங்க நைனா."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அவளுக்கு ஆசை, முகத்தில் தெரிந்தது. முடியவில்லை அவளால். "இல்லம்மா" என்றாள். "நைனா இப்படி இல்லியே."

"உனக்கு இன்னாடி தெரியும்? வேலூர்ல குந்திகினு இருந்தவ."

அவள் சண்டை போடவில்லை. போனை எடுத்து, பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைத் தேடி, சத்தத்தைக் கூட்டி, தரையில் எனக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு ஆள் பேசினான். கீச்சுக் குரல், மூக்கால், அவசர அவசரமாக. "பாப்பா, சாப்டியா? இங்க செம வெயிலு. தர்பூசணி வாங்கிகினு போறேன், லீவு போட்டுட்டு வந்துடு. இல்லன்னா உங்கம்மா ஒண்டியா துன்னு தீத்துடுவா." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"யாருடி இது?" என்று கேட்டேன்.

மகள் என்னையே பார்த்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. "அம்மா, நைனாம்மா" என்றாள்.

திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும் போடச் சொன்னேன். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு மூச்சு வாங்கல் இருந்தது. அதைத்தான் முதலில் என் உடம்பு கண்டுபிடித்தது. அப்புறம் 'துன்னு' என்று சொல்வதை. அப்புறம் மூக்கை. அந்தக் கீச்சுக் குரலை வைத்துக் கல்யாணமான புதிதில் நான் எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன். அதோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஒரு குழாயைக் கேட்டுக் கேட்டு அவரைத் தொலைத்துவிட்டேன், இதே வீட்டில், தினமும் காப்பி போட்டுக்கொடுத்து. நான் தலையில் அடித்துக்கொண்டு அழ, மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னொரு தடவை" என்றேன். போட்டாள். காற்று இன்னும் ஏறியிருந்தது. மேலே அது முனகிக்கொண்டே இருந்தது, 'சாப்டியா'வுக்குப் பிறகு ஒன்றும் காதில் விழவில்லை. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, எழுந்து மேலே பார்த்துக் கத்தினேன்.

"யோவ், கொஞ்சம் கம்முனு கெடய்யா! அவரு பேசிகினு கீறாரு!"

அது நிற்கவில்லை. மகள் போனை எடுத்து என் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.